முதியோர்க்கு ஆற்றுப்படை

வழி அறிந்தவன் அறியாதவனுக்கு அதனை எடுத்துரைத்தல் தமிழர் போற்றிய பண்டை அறங்களுள் ஒன்று. அவ்வறத்தை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்த பெருமை நம் மொழிக்கு உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். பரிசிலோ அருளோ பெற்ற ஒருவன், அதனை நாடி வரும் மற்றொருவனுக்கு, 'இன்ன வழியிற் செல்க. இன்னாரைக் காண்க' என வழிப்படுத்துவதே அவற்றின் அமைப்பு என்பது தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்தது.

அவ்வைந்தனுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. 583 அடிகளால் ஆயது. அதனைப் பாடிய பெருங்கௌசிகனார் வழியின் அழகை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்பவற்றையெல்லாம் ஒவ்வோர் இடமாகச் சுட்டுகின்றார். இவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. வழிகள் கூடும் சந்துகளில், பின்வரும் புதியோர் திகைக்காதபடி, தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அப்பாட்டுக் கூறுகின்றது. அதனை அடுத்து, செல்லும் நாட்டின் பெயரை வழிப்போக்கர் அறியும்பொருட்டு எழுத்துப் பொறிக்கப்பெற்று மரத்தடியில் நிற்கும் தெய்வக் கல்லும் பேசப்படுகின்றது. வழிகாட்டிப் பலகை என்று இன்று நாம் வழங்கும் பொருளின் முன்னோர் இவ்விரண்டும் என்று கூறினால் மிகையாகாது.

இப்பாட்டைப் பயின்ற நாள்தொட்டு, வைத்தியசாலை, பேருந்து நிலையம், கச்சேரி, கல்லூரி ஆகிய எவ்விடம் சென்றாலும் ஆங்குள்ள பலகைகளை யாம் நின்று நோக்குவது வழக்கமாயிற்று. அப்புல்முடியில் இருந்த பரிவு இப்பலகைகளில் இருக்கின்றதா? குறிப்பாக, நம் வீட்டு முதியோர்க்கு இவை வழிகாட்டுகின்றனவா? இவ்வினாக்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில், நம் நாஞ்சில் நாட்டு முதியோர் எவ்வாறு வழி அறிந்து வந்தனர் என்பதைக் காண்போம். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல், வழிநடை மண்டபம், ஆலமரம், ஊர்க்கிணறு, குளக்கரை ஆகியவையே அவர்தம் பலகைகள். வடக்கே மலை, தெற்கே கடல். இவை இரண்டும் கண்ணிற் படாத இடம் இங்கே குறைவு. சுசீந்திரத்து ஏழுநிலைக் கோபுரமும், கோட்டாற்றுச் சவேரியார் கோயிலும், நாகர்கோவில் ஹோம் சர்ச்சும் எழுத்தில்லாத வழிகாட்டிகள். 1893-ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் எழுந்த மணிக்கூண்டு இன்றளவும் நகரத்தின் நடுப்புள்ளியாக மக்கள் நாவில் வழங்குகின்றது. 'மணிமேடையில இறங்கி மேக்க பாத்து நட' என்றால் முதியவர் ஒருவரும் வழி தவறார்.

இவ்வாசகத்தில் 'மேக்க' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் முதியோர் இடம், வலம் என்று பெரும்பாலும் பேசுவதில்லை; கிழக்கு, மேற்கு என்றே பேசுவர். அடுக்களையில் நெய்ப்பாத்திரம் இருக்கும் இடத்தையும் 'தெக்கப் பக்கத்து அலமாரி' என்பர். ஞாயிறும் மலையும் கடலும் அவர்தம் திசைகாட்டிகள். இத்தகையோரை நாற்புறமும் சுவர் சூழ்ந்து, பகலிலும் மின்விளக்கு எரியும் நீண்ட நடைவழியிற் கொண்டுபோய் நிறுத்தி, 'வலப்புறம் செல்க' என்றால் அவர் நிலை என்னாகும்? அதனை யாம் கண்ணாரக் கண்டோம்.

எம் பாட்டியாருக்கு வயது 82. விளவங்கோட்டுப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளியில் முதலிற் பயின்றது மலையாள எழுத்து; மணமாகி நாகர்கோவிற் பக்கம் வந்தபின், வேதாகமத்தை வைத்தே தமிழ் எழுத்தைத் தாமாகக் கற்றுக்கொண்டவர். இன்றும் பெரிய எழுத்து வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கின்றார். எம் தந்தையார் வளைகுடா நாட்டிற் பணிபுரிதலால், யாம் கல்லூரிக்கு வந்த ஒரு நாளில், பாட்டியார் தனியே ஒரு பெரிய வைத்தியசாலைக்குச் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கச் சென்றார். அவ்வைத்தியசாலையின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று; அத்தகையவை எங்கும் உள. நண்பகலில் மருந்தின்றி வீடு திரும்பினார். கேட்டதற்கு, 'கூட்டமாக்கும்' என்று மட்டும் கூறினார். அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கடுத்த வாரம் கால்வலி என்றார். மாத்திரைகள் தீர்ந்தன. கால்வலி உண்மையன்று என்பதை யாம் உணரச் சில நாள் சென்றது.

பின்னர் ஒரு நாள் அவருடன் யாமும் சென்று, முன்னே செல்லாமல், நான்கடி பின்னே நடந்து நோக்கினோம். வாயிலில் ஒரு பெரும்பலகை. அதில் 23 பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, பளபளக்கும் நீல நிறத்தின்மேல் வெள்ளெழுத்தில். பாட்டியார் அதன்முன் நெடுநேரம் நின்றார். பின்னர் ஒரு நடைவழி. அது மூன்றாகப் பிரியும் இடத்தில் பலகையே இல்லை. தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, சிறிய பலகையொன்று சற்றுத் தள்ளித் தொங்கிற்று. அவர் அதனைக் காணவில்லை. படி தடுக்குமோ என்று தரையையே நோக்கி நடந்தார். இருமுறை புறப்பட்ட இடத்திற்கே மீண்டார். அருகில் விரைந்து சென்ற இளைஞரை அழைக்க வாயெடுத்துப் பின் அடக்கிக்கொண்டார். யாம் அருகிற் சென்று கையைப் பற்றியபோது அவர் கூறியது இது:

'எழுத்து தெரியாமலில்ல மக்களே. நான் எங்க நிக்கேன்னுதான் தெரியல்ல.'

ஒரு பெரிய உண்மை இச்சிறு வாக்கில் அடங்கியுள்ளது. நாம் பலகை எழுதும்போது, போகுமிடத்தின் பெயரை எழுதுகின்றோம்; நிற்குமிடத்தைச் சொல்வதில்லை. வழி தவறிய முதியவர்க்கு முதற்கண் வேண்டுவது இரண்டாவதே. மேலும், வழி தெரியாமை கல்லாமையின் அடையாளமாகப் பிறர் கருதுவரோ என்னும் நாணம் முதியோரை ஊமையாக்குகின்றது. ஒரு முறை திகைத்தவர் மறுமுறை வீட்டை விட்டுப் புறப்பட அஞ்சுகின்றார். மருந்து நிற்கின்றது, ஆராதனைக்கும் திருமணத்திற்கும் செல்லுதல் குறைகின்றது, உலகம் திண்ணையளவிற் சுருங்குகின்றது. பிள்ளைகள் அயல்நாடுகளிற் பிழைக்கச் சென்றுவிட்ட நம் மாவட்டத்தில் தனித்து வாழும் முதியோர் பலர். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தோர். ஆதலின் இது ஒரு வீட்டுச் செய்தி அன்று.

நிற்க. முதியோர் ஏன் இவ்வாறு இடர்ப்படுகின்றனர் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, கண். வயது ஏற ஏறக் கண்மணியின் துளை சுருங்குகின்றது. கண்வில்லை மஞ்சள் படிந்து மங்குகின்றது. 20 வயதினர் கண்ணின் விழித்திரைக்கு எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதினர்க்கு எட்டும் என்பர் கண்ணியல் அறிஞர். நீலத்திற்கும் பச்சைக்கும் உள்ள வேற்றுமை அவர்க்கு மறைகின்றது. பளபளக்கும் பலகையில் விளக்கொளி பட்டுத் திரும்பினால் எழுத்தே தோன்றுவதில்லை. இருப்புப்பாதை நிலையங்களின் மஞ்சட் பலகையை நோக்குங்கள். மஞ்சளின்மேற் கரிய எழுத்து, பளபளப்பு இல்லை, எல்லா ஊரிலும் ஒரே தோற்றம். 1979-இல் நம் நாட்டிற்கு இருப்புப்பாதை வந்தநாள் முதல் முதியோர் எளிதில் அறிந்துகொண்ட பலகை அது.

இரண்டாவது, எழுத்தின் அளவு. அமெரிக்க நாட்டுச் சாலைக்குறிகளுக்குரிய கைந்நூல், முன்னாளில் 50 அடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்துப் போதும் என்று கொண்டிருந்தது. பின்னர் அது 40 அடியாயிற்று. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 அடியாயிற்று. முதியோரின் பார்வையைக் கருதி எழுத்துப் பெரிதாயிற்று என்பது இதன் பொருள். தமிழெழுத்துக்கோ இதனினும் மிகுதியாக இடம் வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்துக்கள் பெரும்பாலும் சில கோடுகளால் ஆனவை. நம் 'ண', 'ஞ', 'இ' முதலியவற்றில் சுழிகள் நெருங்கியுள்ளன. தடித்த கோட்டில் எழுதினால் சுழி அடைபட்டுப் போகும். புள்ளி ஒன்று மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகும். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் உள்ள வேற்றுமை, வீரமாமுனிவர் வகுத்துத் தந்த கொம்பின் சிறு சுழி ஒன்றே. அச்சிறு சுழி முப்பதடிக்கு அப்பால் முதுகண்ணுக்குப் புலப்படுமாறு எழுதுதல் ஓவியர் கடமை. அலங்கார எழுத்துக்கு ஈண்டு இடமில்லை.

மூன்றாவது, பலகையின் இடம். முதியவர் தரையை நோக்கி நடப்பவர். தலைக்கு மேலே தொங்குவது அவர்க்கு இல்லாததே. கண்ணளவில் சுவரிலோ, தரையிலோ அடையாளம் வேண்டும். சில வைத்தியசாலைகளில் தரைமீது வண்ணக் கோடு தீட்டி, அதனைத் தொடர்ந்து செல்லச் செய்கின்றனர். நல்ல முறைதான், ஆயினும் நீலக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் அருகருகே இட்டால் பயன் கெடும். கரிய பட்டை இட்டாலோ, மங்கிய கண்ணுக்கு அது பள்ளம்போல் தோன்றி அடியெடுத்து வைக்க அச்சந்தரும்.

நான்காவது, நினைவு. 23 பெயரை ஒருங்கே படித்து, வேண்டிய ஒன்றைத் தெரிந்து, அதன் அம்புக்குறியை நினைவில் இருத்தி, மூன்று திருப்பங்களைக் கடத்தல் இளையோர்க்கே எளிதன்று. ஒரு பலகை, அடுத்த பலகை தோன்றும்வரை வேண்டுவதை மட்டும் சொன்னாற் போதும். மலைபடுகடாம் செய்வதும் அதுவே. பாம்பிருக்கும் இடத்திற் பாம்பைச் சொல்லும். வழுக்கும் இடத்தில் வழுக்கலைச் சொல்லும்.

மேல்நாட்டறிஞர் இப்பொருளை நன்கு ஆராய்ந்துள்ளனர். நகரங்களை மக்கள் மனத்தில் எவ்வாறு வரைந்துகொள்கின்றனர் என ஆராய்ந்த கெவின் லிஞ்ச் என்பார், 1960-இல் தாம் வெளியிட்ட நூலில், பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, நிலக்குறி ஆகிய ஐந்தினை எடுத்துரைத்தார். இடம் அறிதற்கென மூளையில் தனி உயிரணுக்கள் உண்மையைக் கண்டமைக்காக ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய மூவர்க்கும் 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. 1969-இல் திறக்கப்பெற்ற மெக்சிக்கோ நகரத்துச் சுரங்க இருப்புப்பாதையில், லான்ஸ் வைமன் என்னும் ஓவியரின் திட்டப்படி ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு படம் அடையாளமாக அமைந்தது. எழுத்தறியாதாரும் தம் நிலையத்தை அப்படத்தால் அறிந்து இறங்கினர். இதனை வியக்கும் நாம், 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் நம் நாடே படச் சின்னங்களால் கோடிக்கணக்கானோரை வாக்களிக்கச் செய்ததை மறத்தல் ஆகாது. கல்லாதார் வாக்குப்பெட்டியை அறிந்தனர்; கற்ற பாட்டியார் வைத்தியர் அறையை அறியவில்லை. முன்னதில் மக்கள் அறிவது எது என்று முதலிற் கேட்கப்பட்டது, பின்னதில் கேட்கப்படவில்லை. வேற்றுமை இவ்வளவே.

இனி, தமிழ் மாணாக்கராகிய எமக்குச் சற்று நெருடலான ஒன்றையும் சொல்லாமல் விடல் ஆகாது. எம் பாட்டியார் தேடியது இரத்தம் எடுக்கும் இடம். பலகையில் இருந்ததோ 'குருதியியல் ஆய்வகம்'. 'எக்ஸ்ரே' என்று அவர் அறிந்தது பலகையில் 'கதிரியக்கவியல் துறை'. இச்சொற்கள் நல்ல தமிழ். அவற்றை ஆக்கிய அறிஞரை யாம் வணங்குகின்றோம். எனினும், பலகை என்பது அகராதி அன்று. அதன்முன் நிற்பவர் வலியோடும் அச்சத்தோடும் நிற்கின்றார். புதுச்சொல் கற்கும் நேரம் அதுவன்று. அங்ஙனமாயின் தமிழைக் கைவிடுவதோ? வேண்டா. 'இரத்தம் எடுக்கும் இடம்' என்பதும் தமிழே; பாட்டியார் வாயில் வழங்கும் தமிழ். அதனைப் பெரிதாக எழுதி, அதன்கீழ் கலைச்சொல்லைச் சிறிதாக எழுதினால், முதியவர் வழி காண்பார். சொல்லும் நாளடைவிற் பழகும். வழக்காறு அறிந்தே இலக்கணம் செய்தனர் முன்னோர்; பலகை செய்வோரும் அவ்வழியே நிற்றல் தகும்.

நம் மாவட்டத்திற்கே உரிய மற்றொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் பள்ளி சென்றோருள் மலையாள எழுத்தையே முதலிற் கற்றோர் மேற்குப் பகுதியில் இன்றும் உளர். அவர்க்குத் தமிழ் வாய்மொழியாக நன்கு தெரியும், எழுத்தோ தடுமாறும். அவர்பொருட்டுப் பலகையில் ஒரு படமோ, ஓர் எண்ணோ உடனிருத்தல் பெரிதும் உதவும். எண்ணுக்கும் படத்துக்கும் எல்லைச் சண்டை இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2021-இல் நடுவணரசு வெளியிட்ட அணுகுதல் நெறிமுறைகளும் பொதுக் கட்டடங்களில் யாவரும் தடையின்றி இயங்கும் வகை வேண்டும் என்கின்றன. சட்டம் அளவுகளைச் சொல்லும், பரிவைச் சொல்லாது. ஆற்றுப்படைக்கும் இன்றைய பலகைக்கும் உள்ள பெரு வேற்றுமை இதுவே: ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அவ்வழியே நடந்து மீண்டவன், பலகை எழுதுவோரோ கட்டடத்தின் வரைபடத்தை மேசைமீது விரித்துக் கண்டவர். வரைபடத்தில் எல்லா இடமும் ஒருங்கே தெரியும்; நடப்பவர்க்கோ முன்னுள்ள நான்கடியே தெரியும். ஆதலின், ஒரு முதியவரை உடன்கொண்டு நடவாமல் எழுதிய பலகை, எவ்வளவு அழகியதாயினும், பாதிப் பலகையே.

இக்கொள்கையை நம் கல்லூரியிலேயே தொடங்குவோமாக. ஆண்டுதோறும் பழைய மாணவர் கூட்டத்திற்கு வரும் பெரியோர் பலர் 70-ஐயும் 80-ஐயும் கடந்தவர்கள். தாம் அமர்ந்து பயின்ற வகுப்பறையைத் தேடி, புதிய கட்டடங்களுக்கிடையே நின்று திகைப்பவரை நாம் கண்டுள்ளோம். 'அறிவியற் கட்டடம், இரண்டாம் தொகுதி' என்பது அவர்க்கு ஒன்றையும் உணர்த்தாது. 'பழைய புளியமரத்துக்குக் கிழக்கே' என்றால் கால்கள் தாமே நடக்கும். அடுத்த கூட்டத்திற்கு முன், மாணவர் சிலர் கூடி, பெரியவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, அவர் எங்கெங்கே நின்று தயங்குகின்றார் என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவர் தயங்கும் இடமே பலகைக்குரிய இடம். அவர் வாய்ச்சொல்லே பலகைக்குரிய சொல். கிழக்கு எது, மேற்கு எது என்பதும் 'இப்போது நீங்கள் நிற்கும் இடம்' என்பதும் ஒவ்வொன்றிலும் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மஞ்சள் வண்ணமும் கரிய வண்ணமும் சில மரப்பலகைகளும் போதும்.

பாட்டியார் இப்போது மாதந்தோறும் மருந்துக்குச் செல்கின்றார். ஒரு பழைய அட்டையில் யாம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள் அவர் கைப்பையில் உள்ளன: பிள்ளையார் படம் மாட்டிய கடை, தண்ணீர்த் தொட்டி, அதற்குத் தெற்கே படிக்கட்டு, ஏறியவுடன் பச்சைக் கதவு. அவ்வரிகளை யாம் இயற்றவில்லை. அவர் நடந்து நடந்து சொன்னவற்றை எழுதினோம், அவ்வளவே. அட்டை இல்லாமலே வழி தெரிகின்றது என்று இப்போது கூறுகின்றார். ஆயினும் கைப்பையிலிருந்து அதனை எடுக்கவில்லை.

நண்பர்காள்! முதுமை நம் எல்லோர்க்கும் வரும் ஊர். அவ்வூரின் தெருக்களில் இன்று நடப்போர்க்கு நாம் இடும் அடையாளம் ஒவ்வொன்றும், நாளை நாம் தேடப்போகும் அடையாளமே. இளமையும் கல்வியும் ஓவியத்திறமும் உடைய நம்மனோர் இப்பணியை மேற்கொண்டு, நம் நாட்டுப் பெரியோர் எவர் துணையுமின்றித் தலை நிமிர்ந்து சென்று மீளுமாறு செய்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.